அரை பாட்டில் மணல்

முத்தியால்பேட்டை, மூன்றாம் மாடி.
பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு
தள்ளினால் திறக்கும்,
தள்ளினால்தான் மூடும்.
யார் தள்ளுவது என்பதிலேயே
போயிற்று பதினோரு வருஷம்.

பிலோமின் ஈரத்துணி வாளியோடு போவாள்,
முழங்கையால் திறந்துகொண்டு.
திரும்பும்போது தோளில் காய்ந்தது,
இடுப்பில் காயாதது,
வாயில் கிளிப்பு.
கதவு கொட்டாவி விட்டபடி நிற்கும்.
கொசு உள்ளே வரும்,
ஏசிக் காற்று வெளியே போகும்.
நாற்காலியில் இருந்தபடி நான்
"கதவை மூடு" என்பேன்.
கிளிப்பை எடுத்துவிட்டு அவள்,
"வாயாலயே மூடுற ஆளுக்குக் கை எதுக்கு?"

ஒரு ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில்
பழைய இரும்பு பரப்பியிருந்தவனிடம்
கப்பி ஒன்று வாங்கினேன், நாற்பது ரூபாய்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
வீட்டில் கிணறு வைத்திருப்பவனைப் பார்ப்பதுபோல்
மரியாதையாகப் பார்த்தான்.

முதலில் கதவு ஓடும் தடம்.
பழைய டூத் பிரஷ்ஷால் கிளறினால்
மணல், செத்த எறும்பு, அவள் முடி,
எதிர்வீட்டுப் பெண்ணை
இரண்டு வருஷமாக நாங்கள் சந்தேகப்பட்ட
அந்தக் கம்மல் திருகாணி.
உப்புக்காற்று தின்ற சக்கரங்களுக்கு
மெழுகுவத்தி தேய்த்தேன்.
சுண்டுவிரல் பட்டாலே ஓடியது கதவு.

கயிற்றின் ஒரு முனை கதவில்.
கப்பி ஏறி இறங்கும் மறுமுனையில் ஓர் எடை.
அது இறங்க இறங்க இது மூடும்,
அவ்வளவுதான் சூட்சுமம்.
எடைக்கு என்ன செய்வது?
புதுச்சேரியில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்!

வைத்திக்குப்பத்து மணலைக் காயவைத்து
குவார்ட்டரில் அடைத்துத் தொங்கவிட்டேன்.
நாலு விரல் மிச்சம் வைத்து நின்றுவிட்டது.
கொசுவுக்கு அது கோபுர வாசல்.
ஃபுல்லைக் கட்டினேன்.
பாய்ந்துபோய் அறைந்த அறையில்
கீழ்வீட்டு அந்துவான் முசே படியேறி வந்து
"சண்டையா?" என்றார், ஆசையாக.
ஹாஃப்தான் சரிப்பட்டது.

நான் விட்டு நாலு வருஷமாகிறது.
பாட்டிலெல்லாம் அடுத்த தெருக் கடைவாசலில்
பொறுக்கியவை.
சொன்னேன். "சரி" என்றாள்.
கயிறு முடிய நான் திரும்பியபோது
மூடியைத் திறந்து
மணலை மோந்து பார்த்தாள்.
கண்ணாடியில் தெரிந்தது.
நான் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

பாட்டில் ஆடாமலிருக்க ஒரு பிவிசி குழாய்.
மோதும் இடத்தில் அறுந்த செருப்பின் ரப்பர்.
சாயங்காலம் வாளியோடு போனாள்.
அவள் பின்னால் கதவு நகர்ந்தது,
யாரோ யோசித்து யோசித்து
மூடுவதுபோல.
ச்சொத்.
நான் கை தட்டினேன்.

இரண்டு வாரம் கொசு இல்லை.
மூன்றாம் வாரம்தான் உறைத்தது,
வீட்டில் ஒரு வாக்கியம் குறைந்திருந்தது.
தினம் பத்துத்தடவை நான் சொன்னது.
அதோடு, அதற்கு அவள் சொன்ன பதிலும்,
அந்தப் பதிலுக்கு நான் சிரித்ததும்.
மிச்சம் இருந்தவை:
பால் வந்தாச்சா.
சாவி எங்க.
சிலிண்டர் பதிஞ்சாச்சு.

நேற்று அவள் வெளியே.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்தது.
கிளிப்பு இல்லை.
"என்ன?" என்றேன்.
அதுவும் அந்தப் பக்கம் போயிருக்காது.
எழுந்தேன்.
திறந்த கதவு கையைப் பிடித்து இழுத்தது,
குழாய்க்குள் அரை பாட்டில் மணல்
தன் வேலையைச் செய்ய அவசரப்பட்டது.
நிலையில் தோளைக் கொடுத்து நின்றேன்.

"மேகம் கட்டுது. இந்த முனையப் பிடிங்க."
அவள் கையில் பாதி ஈரமான பெட்ஷீட்.

ஒரு அடி வெளியே வைத்தேன். பிடித்தேன்.
இரண்டாக மடித்தோம், நான்காக மடித்தோம்,
மடிக்க மடிக்கக் கிட்டே வந்தோம்.
முதுகுக்குப் பின்னால் ச்சொத்.

வெளியே
நல்ல கொசு.